போர்க்கப்பலில் கேட்ட தமிழ்

வளைகுடா நாட்டில், தேராவுக்குப் போகும் பயணிகள் படகில் எனக்கு எதிரே, அங்கே மீன்பிடி வேலைக்கு வந்த குமரிக் கடற்கரை மீனவர்கள் இருவர்.

“அமெரிக்காக்காரன் கப்பல்ல தமிழ் கேட்டேன் மக்கா,” என்றார் மூத்தவர்.

“சும்மா சொல்லாதீங்கண்ணே.”

“சத்தியமா. மீன் பிடிக்கப் போன எங்க லாஞ்சி தெரியாம கிட்ட போயிட்டு. மலை கணக்கா நிக்கி கப்பலு. துப்பாக்கிய எல்லாம் எங்க பக்கம் திருப்பிட்டானுவ. மைக்குல இங்கிலீசு, பொறவு அரபி. எங்களுக்கு ஒண்ணும் ஓடல. ‘மாதாவே, காப்பாத்தும்மா’ன்னு கத்துனோம். அப்பதான் மைக்குல ஒருத்தன், ‘அண்ணே, சீக்கிரம் திருப்புங்க, சுட்டுருவாங்க’ன்னான்.”

இளையவர் வாய் பிளந்தார். “அம்மாம் பெரிய கப்பல்ல நம்மாளா!”

பிறகு மெல்லக் கேட்டார்: “சுட்டுருவோம்னு சொல்லலியா?”

“இல்ல மக்கா. சுட்டுருவாங்கன்னுதான் சொன்னான்.”