சன்னல் பக்கம் சாய்ந்த முளைப்பாரி

"ஹலோ..."

சொர்ணவல்லி மெல்லத்தான் சொன்னாள். முளைப்பாரி அறையின் இருட்டில், சட்டிகளுக்குப் பின்னால் வைக்கோலுக்குள் கிடந்து உறுமிய போன் அது. மகள் கார்த்திகாவினுடையது. திரையில் 'ரஞ்சிதா' என்று பெயர் மின்னியது. கூடப் படித்தவள் போலும், கார்த்திகா கோயிலுக்குக் கும்மியடிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம் என எடுத்தாள். காதில் விழுந்ததோ ஆண்குரல்.

"ம்..."

குரல் கடகடவென்று கொட்டிக்கொண்டே போனது. சொர்ணவல்லி தன் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"ம்ம்... நாளைக்கா?... கொளத்துக் கரையிலயா?... ஆமா... ஆமா, மொளப்பாரி கரைக்கயில எல்லாரும் தண்ணிக்குள்ளதான் நிப்பாங்க... ஒருத்தரும் பாக்க மாட்டாங்க... பைக்கு எங்கிட்டு நிக்கும்?... முந்திரிக்கொல்லைக்கு அங்கிட்டு. ம்... மாத்துத் துணியா?..."

அவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"கொரலு ஒரு மாதிரி இருக்கா? இருக்கும். நான் கார்த்திகா இல்ல. அவளப் பெத்தவ... வைக்காத! வச்சேன்னா இந்த நிமிசமே போயி அவங்கப்பாகிட்டச் சொல்லிருவேன்... ம். அப்படி இரு. என்னம்மா ரஞ்சிதா, சளி புடிச்சுக் கொரலு தடிச்சிருச்சா?"

சொர்ணவல்லி சாய்ந்து கிடந்த சட்டிகளைப் பார்த்தாள்.

"மூணு நாளா மண்டையப் பிச்சுக்கிட்டுத் திரியிறேன்டா. வெளிச்சம் படாம வளக்குற பயிரு. பதினோரு சட்டியும் சன்னல் பக்கமே சாஞ்சு கெடக்கு. ஆத்தா கோவமோ, நாந்தான் சுத்தக்கொறைவா இருந்துட்டேனோன்னு ஒருபொழுது சாப்பிட்டுக்கிட்டு நான் அழுகுறேன்... பாத்தா, காலைல தண்ணி தெளிக்கப் போறேன்னு வந்து அவ சன்னலத் தொறந்து வச்சிருக்கா, நீ வெளிய நின்னு பேசியிருக்க... என்னது?... மொளப்பாரிய ஆம்பள பாக்கக் கூடாதுன்னு கண்ண மூடிக்கிட்டு நின்னியா? அடேயப்பா! என்னா பக்தி!"

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

"யாருடா நீ? எந்த ஊரு?... வல்லத்திராக்கோட்டையா?..."

அது அவள் பிறந்த ஊர். கை தானாகச் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அங்க யாரு மகன்?... என்ன சொன்ன?... இன்னொரு தரம் சொல்லு... அய்யாக்கண்ணு மகனா? வெற்றியா நீ? டேய்... வெற்றிசெல்வனா?"

அய்யாக்கண்ணு அவள் உடன்பிறந்த அண்ணன். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இதே திருவிழாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்காமல், அண்ணன்தானே என்ற நினைப்பில் நோட்டீஸை பஸ்ஸில் போன யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டாள். ஊரார் வீட்டுக்கு அனுப்புவது போல எனக்கும் அனுப்பினாளா என்று முறித்துக்கொண்டவன், இன்றுவரை அவள் வாசலை மிதிக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது இந்தப் பையனுக்கு மீசைகூட அரும்பியிருக்கவில்லை.

"அழுகலைடா, சும்மா இரு... அத்தைன்னு கூப்பிட இப்பத்தான் வாய் வருதாக்கும்?... மொறைப் பொண்ணக் கட்டிக்க பைக்கெடுத்துக்கிட்டு ஓடுற மொத ஆளு நீதான்டா... தெரியும். ஒங்கப்பா ஒத்துக்க மாட்டாருதான். எங்க வீட்டுக்காரரும் குதிக்கத்தான் செய்வாரு. ஓடிப்போனா சரியாயிருமா? இப்பப் பேச்சு மட்டுந்தான் இல்ல. அப்புறம் நான் செத்தாக்கூட எங்கண்ணன் வர மாட்டாரு... போன அவருகிட்டக் குடு... குடுங்கிறேன்ல! எங்க இருக்காரு?... மாட்டுக்குத் தண்ணி காட்டுறாரா? நட அங்கிட்டு... என்னத்தச் சொல்லவா? நாளைக்கு கார்த்திகா மொத மொதலா மொளப்பாரி எடுக்குறா. சட்டியத் தூக்கித் தலையில வைக்கத் தாய்மாமன் வேணும். அதச் சொல்லப் போறேன்... நேர்ல வரலாம்தான்டா. காப்புக் கட்டியிருக்கேனே! திருவிழா முடியிற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்ட முடியுமா? நட!"

காலடிச் சத்தம். மாட்டின் கழுத்து மணி. பிறகு ஒரு செருமல். ஆறு வருடமானாலும் அந்தச் செருமலை அவள் மறந்துவிடுவாளா? முளைப்பாரிக்கு முன்னால் சாமிக்கு வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அண்ணே... சொர்ணம் பேசுறேன்... வச்சிராதண்ணே! ஒரு நிமிசம்... ஆமா... ஆமாண்ணே, தப்புத்தான்... நோட்டீஸு குடுத்துவிட்டது தப்புத்தான், நான் இல்லைன்னு சொல்லலையே... ஆமா, இப்பவும் போன்லதான் கூப்பிடுறேன். அதுவும் தப்புத்தான். காப்பு கையில இருக்குண்ணே, எல்லையத் தாண்ட முடியல. வெத்தல பாக்கக் கையில ஏந்திக்கிட்டுத்தான் நிக்கிறேன். நீ வந்து எடுத்துக்க... இவன் போனுக்கா? நாந்தான் தேடிப் புடிச்சுக் கூப்பிட்டேன்... இல்லண்ணே, அவன் ஒண்ணும் சொல்லல. பாவம், அவனுக்கு என்ன தெரியும்?"

பொய்தான். முளைப்பாரிக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்ன பொய். ஆத்தா மன்னிக்கட்டும்.

"ஒம் மருமக தலையில வேற யாரும் தூக்கி வைக்க நான் விட மாட்டேன். நீ வரலைன்னா அவ எடுக்கவே வேணாம்... அண்ணே?... அண்ணே, இருக்கியா?..."

மாடு தண்ணீர் உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"எ... எத்தன மணிக்கா?... சாயங்காலம் நாலுக்குண்ணே. நாலு மணிக்குத் தூக்கணும்... ஹலோ?... அண்ணே?..."

வைத்துவிட்டான். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சொர்ணவல்லி போனை இருந்த இடத்திலேயே வைக்கோலுக்குள் செருகினாள். சட்டிகளை ஒவ்வொன்றாக, பயிர் சாய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்தாள். பிறகு சன்னலைத் தானே ஒரு விரற்கடை திறந்துவிட்டாள். விடிந்தால் வெளிச்சம் வரும். நாலு மணிக்குள் எல்லாம் நிமிர்ந்தாக வேண்டும்.