அழகர்சாமி மாட்டிய கிளாம்ப்

இரவு பத்தரை மணி. சிங்கப்பூரின் மேற்கு மூலையில், தொழிற்சாலைகள் நிறைந்த துவாஸின் கடைசியில், கடலை ஒட்டிய சாலை. ஊழியர்களை ஏற்றிய பேருந்துகள் எல்லாம் விடுதிகளுக்குப் போய்விட்டன... ஓரமாக நிறுத்திய லாரிகளும் மஞ்சள் விளக்குகளும்தான். காக்கா குருவி இல்லை. அந்தச் சாலையில் ஒரு பெண் கையில் பெட்டியோடு தனியாக நடந்து போனாள். ருக்கையா, அந்தப் போனைக் கவிழ்த்து வை, கண் கூசுகிறது. போனவள் வேறு யாருமில்லை, நம் உர்சுலாவின் அக்காள் மகள் லொரைன். இந்த அடுக்குமாடி புளோக்கின் அடியில் உட்கார்ந்து கேட்கிற உங்களில், கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே லிஃப்ட் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

லொரைனுக்கு ஸ்டாட்டிக் அளக்கிற வேலை. உலர்ந்த மாவு குழாயில் வேகமாக ஓடினால் உரசி உரசி மின்சாரம் ஏறும். எண்ணெய் ஓடினாலும் அப்படித்தான். ஏறியது இறங்க ஒரு வழி வேண்டும். அதற்காக இரும்பு டிரம்மின் விளிம்பில் ஒரு கிளாம்ப்பை, பல் வைத்த இரும்புக் கவ்வியை, கவ்வ வைப்பார்கள். அதன் கம்பி தரைக்குள் போகும். வழி அடைத்தால் ஒரு பொறி... மாவுத் தூசி பறக்கிற அறைக்கு ஒரு பொறி போதும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஸ்டாட்டிக்காவது ஒன்றாவது என்று சிரிக்கிற மேதாவிகள் உண்டு. அவர்கள் மாவு அறைக்குள் போனதில்லை. மாவு கட்டி தட்டக்கூடாது என்று உள்ளே காற்றையே அப்பளமாகக் காய வைத்திருப்பார்கள்.

லொரைன் போன சோளமாவுத் தொழிற்சாலையில் அதற்குச் சில வாரங்கள் முன்னால் வெடித்தது. அழகர்சாமி என்கிற ஊழியர் இறந்துபோனார். கிளாம்ப்பை மாட்டாமல் மாவைக் கொட்டினான், தன் கவனக்குறைவால் தானே செத்தான் என்று நிர்வாகம் கையைக் கழுவியது. ஊரில் இருக்கும் அவர் மனைவியிடமும் அதையே சொல்லித்தான் உடலை அனுப்பி வைத்தார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லொரைன் போன இரவுக்கு மறுநாள் காலை அந்த அறையை மறுபடி ஓட்ட வேண்டும். ஸ்டாட்டிக் பயம் இல்லை என்று லொரைன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளை அழைத்தவர் ஜெரார்ட், அங்கே பாதுகாப்பு மேலாளர். லொரைனின் பங்குக் கோயில்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிப்பவர். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவர் அங்கிள்.

"சீக்கிரம் முடிச்சிரு லா. எல்லாம் கழுவி வச்சாச்சு," என்றார். இந்த ஊர் வழக்கப்படி எதைச் சொன்னாலும் வால் மாதிரி ஒரு 'லா' போடுவார்.

மாவு அறைக்குள் போன் கூடாது. இருவரும் போனை வெளியே வைத்தார்கள். கதவருகே இருந்த செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருந்ததை இறக்கிவிட்டு உள்ளே போனார்கள். அங்கே எல்லாரும் அப்படித்தான் தொட்டுவிட்டு நுழைவார்கள்.

உள்ளே அடிப்பிடித்த கஞ்சி வாசனை... அத்தனை கழுவியும் போகவில்லை.

வெடிப்பில் தப்பிய ஒரு டிரம்மில் லொரைன் புதுக் கிளாம்ப்பை மாட்டி மீட்டரை வைத்தாள். தரையோடு தொடர்பே இல்லை. கழற்றி மறுபடி மாட்டினாள். இல்லை. கத்தியை எடுத்து விளிம்பைச் சுரண்டினாள். நீலப் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசித் தள்ளியிருந்தார்கள். இரும்பு தெரிந்த இடத்தில் மாட்டியதும் மீட்டர் சரியென்றது.

"இத யாரு பெயின்ட் அடிக்கச் சொன்னது?"

"நான்தான். தலைமை ஆபீஸ்லேர்ந்து பாக்க வந்தாங்க. துரு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"கிளாம்ப் கவ்வுற எடத்துலயுமா, அங்கிள்?"

ஜெரார்ட் உரிந்து விழுந்த பெயின்ட்டைக் காலால் ஓரம் தள்ளினார்.

சுவர்க் கொக்கியில் இன்னொரு கிளாம்ப் தொங்கியது. வெடித்த அன்று இருந்தது. டிரம்மில் மாட்டாமல் கொக்கியிலேயே கிடந்தது பாருங்கள் என்று எல்லாருக்கும் காட்டிய கிளாம்ப் அதுதான். மேலெல்லாம் கரி. லொரைன் அதன் வாயைத் திறந்து விளக்கில் பிடித்தாள். பற்களின் இடுக்கில் நீலப் பெயின்ட், நெருப்பில் உருகி இறுகிப்போய் இருந்தது. கொக்கியில் சும்மா தொங்கியிருந்தால் பற்களுக்குள் இப்படி உருகி ஒட்டாது; வெடித்தபோது அது டிரம்மைக் கவ்விக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த மனிதர் முறையாக மாட்டியிருக்கிறார். இவர்கள் பூசின பெயின்ட்தான் வழியை அடைத்து அவரைக் கொன்றது.

லொரைன் கிளாம்ப்பை ஜெரார்டின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"டிரம்லேர்ந்து கழட்டி இங்க கொண்டாந்து மாட்டுனது யாரு, அங்கிள்?"

ஜெரார்ட் கதவைப் பார்த்தார். "செத்தவனுக்கு இனிமே என்னா ஆவப்போவுது? நான் குடும்பக்காரன் லா. விட்டுரு."

"அவரும் குடும்பக்காரர்தான்," என்றாள் லொரைன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களை அவள் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறாள். கோயிலில் வாசகம் படிக்கிற வாயிலிருந்து இதைக் கேட்டதுதான் பொறுக்கவில்லை.

அப்போதுதான்... பட்.

கதவருகே, செப்புத் தகட்டில். யாரோ தொட்டுவிட்டு உள்ளே வந்தால் கேட்கிற அதே சின்ன, வறண்ட சத்தம்.

கதவு மூடித்தான் இருந்தது... யாரும் வரவில்லை. மேசை மேல் அவள் வைத்திருந்த ஸ்டாட்டிக் மீட்டர் தானாகக் கீச்சிட்டது. ஒரு இயந்திரம் ஓடவில்லை, ஒரு சிட்டிகை மாவு பறக்கவில்லை, எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. லொரைனின் முகத்தில் சிலந்தி வலை ஒட்டியது போல் இருந்தது. கஞ்சி வாசனை தொண்டைக்குள் இறங்கியது.

"பழைய மீட்டரா லா," என்று ஜெரார்ட் சிரிக்கப் பார்த்தார். பேசிக்கொண்டே டிரம்மில் கை வைத்தார். பட்... நீலமாக ஒரு பொறி. டிரம் தரையோடு சேர்ந்திருந்தது, அதில் மின்சாரம் தங்க முடியாது. பொறி அவர் விரலிலிருந்துதான் பாய்ந்தது.

லொரைன் பெயின்ட் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அறையை மூடினார்கள். ஆனால் அந்தக் கரிபிடித்த கிளாம்ப் மறுநாள் அங்கே இல்லை. போன் வெளியே இருந்ததால் படமும் இல்லை. நீ தப்பாகப் பார்த்திருப்பாய் என்று அவளிடமே சொன்னார்கள். அழகர்சாமி கிளாம்ப்பை மாட்டினார் என்று சொல்ல இனி ஜெரார்டின் வாய் ஒன்றுதான் மிச்சம். அந்த வாய் திறக்கவில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். அன்றிலிருந்து அவர் எதைத் தொட்டாலும் ஷாக். லிஃப்ட் பொத்தான்... பட். கார்க் கதவு... பட். கோயில் வாசலில் தீர்த்தத்தில் விரலை வைத்தார்... பட், தண்ணீரிலேயே. பேரப்பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார், அது வீறிட்டு அழுதது. மகள் அதன் பிறகு பிள்ளையை அவரிடம் தருவதில்லை.

கடைசியில் ஒரு நாள் ராத்திரி, பிடோக் பேட்டையில் லொரைனின் புளோக்குக்குக் கீழே வந்து நின்றார். பாதி ஆளாக இளைத்திருந்தார். "என்னய அளந்து பாரு லா," என்றார்.

மழை பெய்து விட்டிருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லி ஈரப் புல்லில் அவரை நிற்க வைத்தாள். அப்படி நின்றால் எந்த மின்சாரமும் உடம்பில் தங்காது. முகத்துக்கு நேரே மீட்டரைக் காட்டினாள். ஒன்றுமில்லை. நெஞ்சு, கை... ஒன்றுமில்லை.

"ஒங்க மேல எதுவும் இல்ல, அங்கிள்."

அவர் பெருமூச்சு விட்டார். முதுகையும் பார்த்துவிடலாம் என்று லொரைன் பின்பக்கம் போனாள். அவருக்கு ஓரடி பின்னால், வெறும் காற்றில், மீட்டர் கீச்சிட்டது. மெல்ல மேலே கொண்டுபோனாள். ஓர் ஆள் உயரத்தில் அடங்கியது. கீழே கொண்டுபோனாள். புல் வரைக்கும் கத்தியது. பக்கவாட்டில்... ஒரு தோள் அகலம்.

லொரைனுக்கு அது யாரென்று புரிந்தது. பயத்தை விடக் கோபம்தான் முன்னால் வந்தது. "கிளாம்ப்ப கழட்டுனது நான்தான்னு போய்ச் சொல்லிருங்க, அங்கிள். இப்பவே போய்ச் சொல்லுங்க."

ஜெரார்ட் குனிந்து செருப்பைக் கையில் எடுத்தார். "முடியாது லா," என்றார்.

மீட்டர் சட்டென்று அடங்கியது. லொரைன் அந்தக் காற்றில் தேடினாள். ஓரடி பின்னால்... இல்லை. அரையடியில்... இல்லை.

அப்போது அவருடைய பிடரி மயிர், ஒவ்வொன்றாக, எழுந்து நின்றது.