அமைதிப் பெட்டி

பறக்கும் ரயிலில் காலை வேளையில் கடற்கரை பக்கம் போகிறவர்கள் இடது பக்கம் உட்கார வேண்டும். வெயில் முகத்தில் அடிக்காது. அடையாற்றுப் பாலத்தில் நல்ல காற்றும் வரும். இது தெரியாமல் பலர் வலது பக்கம் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துவிட்டு, இந்திரா நகர் வருவதற்குள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன், சொல்ல மாட்டேன். ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நீங்கள் ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நான்தான் ஒட்டினேன். நேற்று உங்கள் கான்ஸ்டபிள் என் கையைப் பிடித்தபோது பின்பக்கத் தாளைப் பாதி உரித்திருந்தேன், மறுக்க என்ன இருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டால் உங்கள் வேலை பாதியில் நின்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் சிதம்பரநாதன். திருமயிலை ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். வண்டி நம்பர் பிளேட், கடைக் கண்ணாடி எழுத்து, ‘செருப்பை வெளியே விடவும்’, ‘லிஃப்ட் பழுது’ எல்லாம் வெட்டிக் கொடுப்பேன். முன்பு மந்தைவெளியில் குடியிருந்தோம். வாடகை ஏறிக்கொண்டே போனதால் பெருங்குடியில் சின்னதாக ஒரு ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனோம், நானும் என் மனைவி ஷண்முகப்ரியாவும். பிள்ளைகள் இல்லை. இப்போது நான் மட்டும்தான்.

நம் ரயிலில் பெஞ்சுகள் எதிரெதிராக இருக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர் குரல் தலைக்கு மேலே போய்விடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேசுகிறவர் குரல் நேராக நம் மடியில் வந்து விழும். வெளிநாடுகளில் பேச்சே கூடாத பெட்டி உண்டாம். இருமல் வந்தால்கூடக் கதவைத் திறந்துகொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்களாம். நம் ரயிலில் அப்படிக் கிளம்பினால் தண்டவாளத்தில்தான் போய் நிற்க வேண்டும். ஆனாலும் மரியாதை என்று ஒன்று எல்லா ஊருக்கும் பொது, இல்லையா.

அதனால் ஒரு ஸ்டிக்கர் செய்தேன். நீலப் பட்டை, வெள்ளை எழுத்து. ‘இது அமைதிப் பெட்டி. கைப்பேசியில் பேசுதல், உரக்கப் பேசுதல், பாட்டு வைத்தல் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே இந்தியில் ஒரு வரி. எனக்கு இந்தி தெரியாது. அந்த வரி இருந்தால்தான் ரயில்வே ஒட்டியது மாதிரி இருக்கும் என்பது மட்டும் தெரியும். நேர்த்தியாக ஒட்டினால் தனியார் வேலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கொஞ்சம் கோணலாக ஒட்டினேன், நடுவில் ஒரு காற்றுக் குமிழும் விட்டேன். தினமும் ஒரே வண்டி வருவதில்லை. வருகிற வண்டிகளிலெல்லாம், பெருங்குடிப் படிக்கட்டுக்கு நேரே வந்து நிற்கும் பெட்டியில் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தேன்.

ஒருவரும் யார் ஒட்டியது என்று கேட்கவில்லை. காதில் ஒன்றும் மாட்டாமல் பாட்டு கேட்கிற பையன்கள் பையைத் துழாவி எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நாட்டை ஆள்வது எப்படி என்று தினமும் சத்தமாக விளக்குகிற இரண்டு பெரியவர்கள் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்கள். ஒட்டிய காகிதத்துக்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா என்று எனக்கே ஆச்சரியம். தேவானை மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள்.

தேவானை வேளச்சேரியிலேயே ஏறி, எனக்கு எதிர் ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். மந்தைவெளியில் சில வீடுகளில் சமையல் வேலை. பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். உட்கார்ந்ததும் புருஷனுக்குப் போன் போடுவாள், இறங்கும்வரை வைக்க மாட்டாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல்.

“டீ குச்சியா? இன்னாது, சக்கர இல்லியா? அரிசி டப்பா பின்னால பாரு. அங்க கீதுல்ல? அதான் சொன்னேன். இப்ப இன்னா பண்ணிக்கினு கீற? சும்மா குந்திக்கினு கீறியா? குந்து, உள்ளயே குந்து. வராண்டாவாண்ட போவாத. கதவ சாத்திக்கினியா? சத்தமே கேக்கல, நல்லா சாத்து.”

ஆற்றுப் பாலம் வந்ததும் குரல் இன்னும் ஏறும். “பாலம் வந்துட்ச்சி. நம்ம எடம் தெரியுது. வேப்ப மரம் அப்டியே கீது. ஆமாய்யா, நம்ம மரந்தான். கீழ ஆடு மேயுது.” தினமும் இதே மரம், இதே ஆடு. கரையோரத்தில் அவர்கள் வீடு இருந்த இடம் அது. வீடுகளை எடுத்துவிட்டார்கள், மரத்தை விட்டுவிட்டார்கள்.

இந்தப் பேச்சில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று யாருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது. அந்தப் பேச்சு எதற்காக என்று எனக்குத் தெரியாது என்றுதான் உங்களிடம் சொல்ல நினைத்து வந்தேன். ஆனால் முழங்கால் இடிக்க மாதக்கணக்கில் எதிரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

தெரியும். புருஷன் பெயர் வேலு. அடையாறு வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்ட பிறகு வேலை விட்டுப்போனது, பிறகு பேச்சு, பிறகு தூக்கம். ஒரு தடவை உயிரை விடப் பார்த்து, காப்பாற்றிக் கொண்டு வந்திருக்கிறார்கள். தனியாக விடாதே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திருவான்மியூரில் ஏறும் மீன்காரம்மா ஜான்சியிடம் தேவானை இதையெல்லாம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மா ராத்திரி வேலை முடிந்து வந்து வேலுவோடு உட்கார்ந்துகொள்வாள். அவள் வந்து சேருவதற்கும் ரயில் மந்தைவெளியை நெருங்குவதற்கும் சரியாக இருக்கும். போனில் குப்பம்மாவின் குரல் கேட்டதும் தேவானை மூச்சு விடுவாள். நானும் விடுவேன், அது வேறு காரணத்துக்காக.

அவள் ஏன் ஸ்டிக்கரை மதிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை சீக்கிரமே வேளச்சேரிக்குப் போய் ஏறி, என் இருக்கைக்கு மேலே, அவள் கண்ணுக்கு நேராக ஒன்று ஒட்டினேன். பெரிய எழுத்தில் செய்தது.

அவள் வந்து உட்கார்ந்து, வேலுவிடம் பேசிக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதியில் குரல் தணிந்தது.

“சார், இத்த எப்ப ஒட்டினாங்கோ?”

“கொஞ்ச நாளாச்சும்மா.”

“பேசினா இன்னா சார் ஆவும்?”

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். மெதுவாகப் பேசிக்கொள் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், அவள் கேட்டிருப்பாள். “அடுத்த ஸ்டேஷன்ல இறக்கிவிட்டுடுவாங்க. போனையும் வாங்கி வெச்சுக்குவாங்க” என்றேன். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள். “எங்க வூட்டு செவுத்துலயும் காலி பண்ண சொல்லி இப்டித்தான் சார் ஒட்டினாங்கோ. நாங்க எவ்ளோ கேட்டோம், கெஞ்சினோம். ஒட்டிட்டா ஒட்டினதுதான்.” பிறகு போனில், “யோவ், ரயில்ல பேசக் கூடாதாம். ரூல் போட்டுட்டாங்கோ. மந்தவெளில எறங்கி பண்றேன். உள்ளயே குந்து, இன்னா?” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே போன் அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவள் சத்தத்தை அணைத்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டாள். அது எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த மரத்தடியில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் வந்துபோனது. பாலம் வந்தபோது அவள் வெளியே பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. மரத்தையும் ஆட்டையும் யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் மேல் சக்கரம் உருளும் சத்தத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகக் கேட்டேன். நன்றாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கிரீன்வேஸ் சாலை தாண்டியதும் அவள் மடியில் வெளிச்சம் வரவில்லை. அவள் ஆற்றைப் பார்த்த கண்ணை இன்னும் திருப்பவில்லை, அதனால் நான்தான் முதலில் கவனித்தேன். சொல்லவில்லை. மந்தைவெளியில் இறங்கியதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடைமேடையில் ஓடினாள். வண்டி கிளம்பிவிட்டது.

பிறகு பல நாள் அவளைக் காணோம். அதற்குள் மற்ற வண்டிகளிலும் அதே இடத்தில் பெரிய எழுத்து ஸ்டிக்கரை ஒட்டி முடித்திருந்தேன். எதிர் ஜன்னலில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை, வாயில் பேச்சும் இல்லை. திருவான்மியூரில் ஏறிய ஜான்சி அவளைப் பார்த்ததும் நடுவழியிலேயே நின்று, “இன்னாடி தேவான, ஆளயே காணோம்? வேலு நல்லா கீதா?” என்று கத்தினாள்.

தேவானை என் தலைக்கு மேலே பார்த்தாள். ஜான்சியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “பூட்ச்சிக்கா” என்றாள். மூச்சு மாதிரி வந்தது சொல். “அன்னிக்கு போன் மேல போன் பண்ணிக்கினே இருந்துச்சி. எட்க்க முடியல. ரூலு.”

ஜான்சி ஐயோ என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். தேவானை தன் கையால் அவள் வாயைப் பொத்தினாள். “சத்தம் போடாதக்கா. எறக்கிவுட்ருவாங்கோ.” புருஷனைப் பறிகொடுத்தவள், அழுகிறவளை அடக்கிக்கொண்டு வந்தாள், மந்தைவெளி வரைக்கும். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை, சார். எழுந்து போய் வாசல் பக்கம் நின்றேன்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. என் மைத்துனன் மாசிலாமணி கேட்ட கேள்வியிலிருந்து சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் நான் வீட்டை விட்டுக் கிளம்பிப் பெருங்குடியில் ரயில் ஏறியதும் ப்ரியா போன் செய்தாள். பெட்டி நிறைய ஆட்கள். கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லத்தான் இருக்கும் என்று சத்தத்தை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். அது நெஞ்சில் அதிர்ந்துகொண்டே வந்தது, நிற்கும், மறுபடி அதிரும். திருமயிலையில் இறங்கியபோது அது ஓய்ந்திருந்தது. கடையில் ஆள் காத்திருந்தார். அவரை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கதவுக்குப் பக்கத்தில் கிடந்தாள். மாரடைப்பு. கையில் போன் இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மாசிலாமணி கேட்டான்: “ஏன் மாமா எடுக்கல?”

“ரயில்ல இருந்தேன்ப்பா. ரயில்ல போன் பேசக் கூடாது.”

“யார் சொன்னா?”

திட்டவில்லை, சார். சாதாரணமாகத்தான் கேட்டான். ப்ரியா இருந்த வரைக்கும் ரயிலில் யார் பேசினாலும் நான் கண்டுகொண்டதில்லை. அதற்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். பெட்டி முழுக்க எல்லாரும் போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் இறக்கிவிடவில்லை. எதிர் ஜன்னலில் ஒருத்தி, எடுத்த போனை வைக்காமல், டீ குடித்தாயா என்று கேட்டுக் கேட்டே ஒரு ஆளை உயிரோடு வைத்திருந்தாள். தினமும். என் கண் முன்னால். அதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அன்றைக்கு விரலை உதட்டில் வைத்தபோது வேலு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று ஏன் மறுபடி ஒட்டப் போனேன் என்றால், என் தலைக்கு மேல் இருந்த ஸ்டிக்கரை யாரோ பாதி கிழித்துவிட்டார்கள். தேவானை வந்து உட்கார்ந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் ஒருவர் சத்தமாகப் போன் பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தாள். கிழிந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சார், அந்த ரூலு நெசந்தானே?” என்றாள்.

“நெசந்தாம்மா” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அப்படி ஒரு விதியே கிடையாது என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா? எடுத்திருக்கலாம், எடுத்துப் பேசியிருக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தினமும் அந்த ரயிலில் வந்துபோவாள்? என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், சார். மேலே எழுதிப்போட்டு, ரயில்வே பெயரிலேயே அப்படி ஒரு அறிவிப்பை நிஜமாகவே ஒட்டச் சொல்லுங்கள். ரொம்ப நாளாகவே இருக்கிற விதி என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எனக்காகக் கேட்கவில்லை. தேவானைக்காகத்தான் கேட்கிறேன்.