ரோட்டில் காயும் நெல்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் காலில் மாவுக்கட்டோடு ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. அவர் பேசிய முதல் பேச்சிலேயே என் தூக்கம் போய்விட்டது.

“இந்த வருஷம் நம்ம ஊர்ல ஆக்சிடென்ட் குறைஞ்சிடும் பாரு. நான்தான் படுத்துட்டேனே, ரோட்டுல நெல்லு காயப்போட ஆள் ஏது?”

“போன வருஷம் தபால்காரர் நம்ம நெல்லுல வழுக்கி விழுந்தப்ப, அவருக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னீங்க.”

“அதான் இப்ப நானே விழுந்துட்டேனே.”

“நெல்லுல விழுந்தாலும் பரவாயில்ல. நெல்லைச் சுத்தி நீங்களே வச்ச கல்லுல போயி முட்டினீங்க.”

“சரி விடு. அறுவடைக்கு அறுவடை யாருக்காவது கை கால் உடையுது. இனிமே ரோட்டுல நெல்லு கொட்டுறவனைப் புடிச்சு உள்ள தள்ளணும்.”

“நேத்து கொள்முதல் நிலையத்துல ஈரம்னு நம்ம நெல்லைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மழை வந்தா மொத்தமும் முளைச்சுப்போகும்.”



அடுத்த வளைவில் டிரைவர் போட்ட பிரேக்கில் என் நெற்றி கம்பியில் மோதி வீங்கியது. பாதி ரோட்டில் நெல், அதைச் சுற்றிப் பெரிய பெரிய கருங்கல்.

“எந்த மடையன்யா ரோட்டுல கல்லு வச்சது?” என்று மாவுக்கட்டுக்காரர்தான் முதலில் கத்தினார்.

“உங்க தம்பி. நான்தான் கொட்டச் சொன்னேன். நம்ம நெல்லுதான்.”

அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். நன்றாகக் கறுத்திருந்தது.

“டிரைவர் சார், அந்தப் பக்கமா ஒதுங்கிப் போங்க. நெல்லு மேல ஏத்திடாதீங்க.”

பஸ் ஒதுங்கியது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவர் பயந்துபோய் வண்டியோடு வயலில் இறங்கினார்.

“வண்டி ஓட்டத் தெரியல,” என்றார் மாவுக்கட்டுக்காரர்.