அப்பாவின் கையால் மட்டும்

கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாகத்தான் பிடித்துவிட வேண்டும். மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் வலி இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்காது. ரத்தம் நெஞ்சை நோக்கித் திரும்ப வேண்டும், அதற்கு நம் கை துணை போக வேண்டும், அவ்வளவுதான். நீங்களும் ரொம்ப நேரமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் மேடம். வீட்டுக்குப் போனதும் செய்து பாருங்கள்.

ஓட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது என் தொழில். மைதானத்துக்குப் பின்னால், உடை மாற்றும் அறையை ஒட்டி, ரெக்சின் உரிந்துபோன ஒரு மேசை போட்டிருக்கும் அறை என்னுடையது. என் மகள் அங்கேதான் வளர்ந்தாள். நினைவு தெரியும் முன்பே அவளுக்கு அம்மா இல்லாமல் போய்விட்டாள். நான் வேலை செய்யும்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஓட ஆரம்பித்த பிறகு அதே மேசைமேல் வந்து படுத்தாள். என்னைத் தவிர வேறு யாரையும் காலைத் தொட விடமாட்டாள்.

அவளைப் போல ஜாக்கிரதைக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இருமல் வந்தால் இருமிக்கொண்டே இருப்பாளே தவிர மருந்து குடிக்க மாட்டாள். மூடி திறந்த தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டாள். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தையெல்லாம் படித்த பிறகுதான் பிரிப்பாள். இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் அவனையும் திருப்பிப் படித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வாள் என்று கூட ஓடும் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு வருடம் மாநில அணிக்கான தேர்வு ஓட்டத்தில் மூன்று பேரை எடுத்தார்கள். அவள் நாலாவதாக வந்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவி, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து ஜன்னலில் காயவைத்தாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. முதலாவதாக வந்தவளுக்குத் தொடையைப் பிடித்துவிட்டவன் நான். ஊக்கமருந்து ஏறிய சதை விரலுக்குத் தெரிந்துவிடும். வெளியே சொல்லவில்லை, அது தொழிலுக்கு அழகில்லை. ஆனால் என் பிள்ளை மட்டும் நேர்மையாக ஓடி நேர்மையாகத் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா என்று நினைத்தேன். எந்தத் தகப்பனும் நினைப்பான்.

வயதான ஆண்களுக்குத் தெம்பு குறைந்தால் தோளில் தடவிக்கொள்ள ஒரு களிம்பு கொடுப்பார்கள், ஆண் ஹார்மோன் கலந்தது. எனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். சாப்பாட்டில் கலந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். எண்ணெயில் குழைத்தேன். என் எண்ணெய்க் கிண்ணத்தில் திருப்பிப் படிக்க எதுவும் இல்லை.

அந்தச் சமயம் எனக்குக் கையில் படை வந்திருந்தது. அதனால் மெல்லிய ரப்பர் உறை போட்டுக்கொண்டு பிடித்துவிட்டேன். அப்பாவுக்குக் கையெல்லாம் புண் என்று அவளே எல்லோரிடமும் சொல்லி வருத்தப்பட்டாள். சோப்புத் தண்ணீர் பட்டால் எரியும் என்று என்னைப் பாத்திரம் கழுவவே விடவில்லை. பயிற்சி முடித்துக் களைத்து வந்து அவள்தான் கழுவினாள்.

அவள் வேகம் கூடியது. குரலும் கொஞ்சம் தடித்தது. போனில் பேசுகிறவர்கள் தம்பி என்று கூப்பிடுகிறார்கள் என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். மாதாமாதம் வருவது நின்றுபோனதை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பயிற்சியாளரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயித்த பிறகுதான் பரிசோதனையில் மாட்டினாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"எங்க அப்பா கையால தவிர வேற யார் கையாலயும் நான் ஒரு வாய் தண்ணி கூட வாங்கிக் குடிச்சதில்ல சார்."

சொல்லிவிட்டு என் முழங்கால்மேல் கையை வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வெளியிலிருந்து எதுவும் போகவில்லை என்று நிரூபித்தால் மறுபடி ஓடலாம் என்றார்கள்.

வெளியிலிருந்து இல்லையென்றால் உள்ளிருந்து. டாக்டர் அப்படித்தான் யோசித்தார். ஸ்கேனில் இடப்பக்கச் சினைப்பையில் ஏதோ நிழல் மாதிரி தெரிவதாகவும், கண்ணுக்குத் தெரியாத கட்டி ஹார்மோனைச் சுரக்கலாம் என்றும் சொன்னார். ஏன் அப்போதாவது நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் அளவு இறங்கியிருக்கும். பிடிபட்டதும் மருந்தை விட்டுவிட்டாள், திருடி என்று ஊரே சொல்லியிருக்கும். அவள் பேர் கெடக்கூடாது என்பதற்காகத்தான் தொடர்ந்தேன். நிதானமாக யோசித்தால் உங்களுக்கும் புரியும்.

இடப்பக்கத்தை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால், உன் உடம்பிலேயே இருந்திருக்கிறது, உன் தப்பு எதுவும் இல்லை என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். வெட்டிப் பார்த்ததில் கட்டி இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவளுக்கு நான் காலைப் பிடித்துவிட முடியாதே, அளவு தானாக இறங்கிவிட்டது. அதுவே போதும் சாட்சி என்றார் டாக்டர். தடையை நீக்கினார்கள். அவள் எனக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

நான் அத்தோடு விட்டுவிட்டேன், சத்தியமாக. ஆனால் திரும்பி வந்து ஓடிய முதல் போட்டியில் அவள் கடைசி. மேசைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "என் காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுப்பா" என்றாள். முதுகு குலுங்கியது. பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா? மறுநாள் கிண்ணத்தில் களிம்பைக் குழைத்தேன்.

அளவு மறுபடி ஏறியது. வலப்பக்கத்தையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பிறகு குழந்தை பிறக்காது என்பதையும் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்துவிடுங்கள் என்றாள். கையெழுத்து கேட்டார்கள். அவள் போட்டாள், அவளுக்குக் கீழே நானும் போட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். கால் மரத்துப்போகிறது, பிடித்துவிடுங்கள் என்றாள். அன்று மருந்துக்கு அவசியம் இல்லை. வெறும் எண்ணெய்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு உறை போடாமல் அவளைத் தொட்டேன். என் பிள்ளையின் கால் எவ்வளவு இளைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவின் கை இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது என்றாள்.

பிறகு கண்ணைத் திறந்து என் கையைக் கேட்டாள், புண் ஆறிவிட்டதா பார்க்கிறேன் என்று. கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு. பிஸ்கட் பாக்கெட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். ஒரு தழும்பு இல்லை. மறுபடி திருப்பினாள். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஆபரேஷன் நின்றதும், என் பையிலிருந்த கிண்ணத்தை நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனதும் உங்களுக்கே தெரியும். நான் எதையும் மறுக்கவில்லை. செய்தது நான்தான். அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். கோபம் ஆறினால் வருவாள். யார் பிடித்துவிட்டாலும் அவளுக்குக் கால் வலி போகாது, எனக்குத் தெரியும்.

ஆனால் இது கெடுதல் என்று தெரிந்து செய்யவில்லை மேடம். நாலு எழுத்துப் படிக்காதவன், எனக்கென்ன தெரியும். உரம் மாதிரி நினைத்துக்கொண்டேன். நன்றாக வரட்டும் என்றுதான் தடவினேன்.

அவள் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். ஏன் செய்தார் என்று கேட்கவில்லை, உறை எதற்குப் போட்டார் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரி.

படை எதுவும் வரவில்லை. களிம்பைக் கொடுத்த அன்றே மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்: "தடவிவிடறவங்க கண்டிப்பா உறை போட்டுக்கணும். தோல் வழியா உள்ள இறங்கிடும், உடம்பக் கெடுத்துடும். முக்கியமா வீட்டுல பொம்பளப் பிள்ளைங்க மேல பட்டுடாம பாத்துக்கங்க."

அதனால்தான் போட்டுக்கொண்டேன். தாயில்லாத பிள்ளை. எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.