இருபத்தேழாம் நம்பர் கூப்பிடும் மட்டும்

…பின்னை என்ன மாமா! ஒன்பது மணிக்குத் திறந்து பன்ரண்டுக்கு இழுத்துச் சாத்தினால் சனம் எப்ப வந்து தங்கடை குறையைச் சொல்லுறது? அதுவும் இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விட்டால் இனித் திங்கள்தான். கொஞ்சம் தள்ளி இருங்கோ, நானும் இந்த வாங்கிலை இருக்கிறன். உங்களுக்கெண்டு ஒரு பகிடி வைச்சிருக்கிறன், தம்பித்துரை மாமா. வயிறு நோகச் சிரிப்பியள். ஆனால் இப்ப இல்லை. முதல்லை இந்த நீதிமன்றத்தைத் திட்டி முடிக்கவேணும்.

முகத்தைத் திருப்பாதேங்கோ! ஓம், சந்திரசேகரன்ரை மகள் மிதுசாதான். உங்களுக்கு அப்பாவோடைதானே கோவம், என்னோடை இல்லையே? பள்ளிக்கூடமோ? எனக்குக் காய்ச்சலாம். காலமை அம்மா போன் எடுத்துச் சொன்னவா… அதாவது, அம்மான்ரை குரல் சொன்னது. அதை விடுங்கோ.

வாசல்லை உங்களையும் சோதிச்சவங்களோ? அந்த மீசைக்காரன் இருக்கிறானே, அடிவயித்திலையிருந்து, "பெல்ட்! திறப்பு! போன்!" என்ரை சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மணந்து பாத்தான் மாமா. "இதென்ன?" "முட்டை." "எதுக்கு?" "தின்ன." பின்னை, முட்டையாலை நீதவானுக்கு எறியவோ வந்தனான்? …சரி, ஒருக்கால் யோசிச்சனான்தான்.

உள்ளை இருக்கிறது பிராவ் ஹோல்ஸ், எங்கடை சொல்லிலை ஹோல்ஸ் அம்மா. நல்ல மனுசி. நாங்கள் வாயாலை சொல்லச் சொல்ல முறைப்பாட்டை எழுதித் தருவா. ஆனால் எது நல்லது, எது கெட்டதெண்டு ஒரு சொல்லுச் சொல்ல மாட்டா. மூக்காலை கதைப்பா: "எழுதத்தான் எனக்கு அனுமதி, ஆலோசனை சொல்ல இல்லை." எங்கடை தமிழ் மன்றத்திலை மற்ற வளம்! எல்லாரும் ஆலோசனை சொல்லுவினம், எழுதச் சொன்னால் பேனை இல்லையெண்டுவினம்.

உந்தப் பேப்பரை ஏன் திருப்பித் திருப்பி நீட்டுறியள்? அதிலை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும். மடிச்சு வையுங்கோ, கசங்கப் போகுது.

எங்கை எழும்புறியள்? உங்கடை நம்பர் இருபத்தேழோ? பொறுங்கோ, என்ரை சப்பாத்து நூல் அவிண்டு போச்சு, குனிஞ்சு கட்டிப்போட்டு… அந்தா! கேட்டனீங்களோ? "நொக் நிக்ட், பிட்டெ!" கதவுக்குப் பின்னாலை மூக்காலை சொல்லுறா. இன்னும் இல்லையாம். இருங்கோ.

என்ன, இருபத்தெட்டு உள்ளை போட்டுதோ? அந்தாளுக்கு டெர்மின் இருந்திருக்கும் மாமா, முன்னமே நேரம் குறிச்சிருப்பான். டெர்மின் உள்ளவனுக்கு இந்த நாட்டிலை மோட்சக் கதவே திறக்கும்.

கதைக்காதேங்கோ, கேளுங்கோ. அப்பா சொன்னது பிழைதான். நான் ஒத்துக்கொள்ளுறன். மன்ற ஆண்டுவிழாவிலை நீங்கள் பாட, அப்பா அடுத்த நாளே போனெடுத்து, க்ஹும், க்ஹும், "தம்பித்துரை, நீர் பாடேக்கை மைக் நிண்டது கறன்ட் இல்லாமல் இல்லை, வெக்கத்திலை. இனி மேடை ஏறினால் விசர்க் கழுதைக்குக் கட்டுற கயித்தோடை வருவன்" எண்டு… அந்த இருமல் கூட அப்படியே அப்பா, என்ன? ஆனால் இதை வழக்காக்கினால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? "மாண்புமிகு நீதவானே, கழுதை எண்டால் நாலு கால், பொதி சுமக்கும். விசர்க் கழுதை எண்டால் அதே நாலு கால், பொதி சுமக்காது." நீதவான் எந்தக் கழுதை எண்டு உங்களைத்தானே பாப்பார்!

அப்பாவுக்கு வாற மாதம் குடியுரிமை டெர்மின், தெரியுமெல்லே? எத்தினை வருசம் காத்திருந்தவர்… வழக்கொண்டு திறந்து கிடந்தால் கந்தோரிலை அவற்றை பைலைத் தூக்கி ஓரமா வைச்சிடுவினம். முடியும் மட்டும் ஏலாதாம். ராத்திரியும் அந்தக் கேள்விப் புத்தகத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். முதலமைச்சர் ஆர், இந்த நாட்டிலை மாநிலம் எத்தினை… "பதினாறு, பதினாறு" எண்டு பல்லு மினுக்கேக்கையும் சொல்லுறார் மாமா.

அதுதான் எல்லாம் வாசிச்சுப் பாத்தனான். இப்படித் திட்டினதுக்கு மூண்டு மாசத்துக்குள்ளை முறைப்பாடு குடுக்கவேணும். விட்டால் பேந்து ஏலாது. அந்த மூண்டு மாசம் எப்ப முடியுது? இண்டையோடை!

டக். கேட்டனீங்களோ? அது நான் இல்லை, உண்மையான கதவு. பன்ரண்டு மணி. பூட்டியாச்சு!

இப்ப பகிடி. "நொக் நிக்ட்" எண்டது ஆர்? நான்! இருபத்தேழைப் பிராவ் ஹோல்ஸ் ரெண்டுதரம் கூப்பிட்டவா, அந்த நேரம்தான் நான் மீசைக்காரன் மாதிரிக் கத்தினது. இன்னும் கேளுங்கோ, கழுதை எண்டதும் அப்பா இல்லை. அப்பா குளிக்கேக்கை அவற்றை போன்லை நான்தான்! அடுத்த நிமிசமே சொல்லிச் சிரிப்பம் எண்டுதான் இருந்தனான். நீங்கள் டக்கெண்டு வைச்சிட்டியள். பேந்து ரெண்டு பேரும் கதைக்காமல் விட, எனக்குச் சொல்லப் பயம்…

சிரியுங்கோவன், மாமா.

என்ன, திரும்பவும் அந்தப் பேப்பரோ? சரி, தாங்கோ. "கடந்த திங்கட்கிழமை நான் கொடுத்த முறைப்பாட்டை…" திங்களே குடுத்திட்டியளோ? "…இத்தால் திரும்பப் பெறுகிறேன். அவர் என் இருபத்தாறு வருட நண்பர். நான் பாடியதும் உண்மையில் சரியில்லை."

…

இதைத்தானோ இவ்வளவு நேரமும் நீட்டினனீங்கள்? ஐயோ! பிராவ் ஹோல்ஸ்! கதவைத் திறவுங்கோ! இது என்ரை சொந்தக் குரல், பகிடி இல்லை!

என்ன காட்டுறியள்? வாசல்லையோ? இரவுத் தபால்பெட்டி… ராத்திரிப் பன்ரண்டு மட்டும் போடலாமோ? இண்டைய திகதிதான் விழுமோ? அப்ப என்னை இவ்வளவு கத்த விட்டுப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்!

போடுங்கோ மாமா, கெதியா. ஏன் பேப்பரைச் சட்டைப் பைக்குள்ளை வைக்கிறியள்? ஏன் போனை நீட்டுறியள்? அப்பான்ரை நம்பர்… முதல்லை நான் அவரிட்டை உண்மையைச் சொல்லவேணுமோ? மாமா, ப்ளீஸ்… ஐயோ, அடிக்குது.

அப்பா? …இல்லை, அம்மா இல்லை. மாமாவும் இல்லை. …நான்தான் அப்பா. சத்தியமா நான்தான்.