எந்த மாடி?

மத்தியானம் ரெண்டு மணி பத்து நிமிஷம்... ஆமாம், மத்தியானம்தான். பேய்க்கு நைட் ஷிஃப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கிடங்குகளுக்கு நடுவே நீளமாக ஒரு ரோடு. எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தது. ஈ, காக்கா இல்லை. நிழல்கூட வெயிலுக்குப் பயந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த ரோட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக நடந்து வந்தார், என் சிநேகிதருடைய அக்கா புருஷன். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். 'பார்த்துக்கலாம்' என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். வீடு பற்றி எரிந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

அவருடைய அப்பாவும் இதே தொழில். ஐம்பத்தெட்டு வயதில், லிஃப்ட்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது விழுந்து செத்துப்போனார். அண்ணனும் இதே தொழில். அதே ஐம்பத்தெட்டு... அதே கூரை. அன்றைக்கு இவருக்கு ஐம்பத்தெட்டு முடிய ஒன்பது நாள் பாக்கி.

"விதியாவது, மண்ணாங்கட்டியாவது! வழுக்கிவிட்டது விதியா, கிரீஸா?" என்று வெளியே மீசையை முறுக்குவார். வீட்டுக்குள் மட்டும் பெண்டாட்டி கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தார். இந்த ஒன்பது நாளும் கூரைமேல் கால் வைக்க மாட்டேன் என்று.

போய்ச் சேர்ந்தது ஒரு மூணு மாடிக் கட்டடம். மாடிக்கு ஒரு சாமி குடியிருப்பு. முதல் மாடியில் சர்ச், ரெண்டாவதில் தொழுகைக்கூடம், மூணாவதில் கோயில். கீழே பெஞ்சில் பாஸ்டரும் இமாமும் பூசாரியும் ஒரே பேப்பரை மூணாகப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க. லிஃப்ட் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார் பாஸ்டர். "ஒண்ணை அமுக்கினா ரெண்டுக்குப் போகுது. என் ஆளுங்க பாதிப் பேர் காலையில தொழுகைக்கூடத்துல போய் நின்னுட்டாங்க."

"நல்ல பிள்ளைங்க. வரிசையா நின்னாங்க" என்றார் இமாம்.

"என்ன கோளாறுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார் நம் ஆள். மூணு மதத்திடம் அதைக் கேட்கலாமா?

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது எங்க போகணும்கிறது உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே முடிவானது தம்பி. நீங்க பட்டனை அமுக்குறதுகூட அந்த முடிவுல சேர்த்திதான்."

"எழுதினது எழுதினதுதான், இல்லேங்கலை" என்றார் இமாம். "ஆனா பிரேக்கைப் பார்க்காம ஏறினா, நாளைக்குக் கேள்வி ஏறினவன்கிட்டதான்."

பூசாரி பேப்பரை மடித்தார். "ரெண்டு பேரும் ஏன்யா சுத்தி வளைக்கிறீங்க? போன தடவை அமுக்கினதுக்கு இப்பப் போகுது. இப்ப அமுக்குறதுக்கு அடுத்த தடவை போகும். அவ்வளவுதான் சங்கதி."

"மூணு பேரும் நல்லா இருங்க. போர்டுல ஒயர் மாறியிருக்கும். என் விரல், என் பட்டன்... பார்த்துக்கலாம்!"

இந்தத் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. லிஃப்ட்டின் கூரைமேல் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு சுவிட்ச். அதைத் திருப்பிவிட்டால் உள்ளே இருக்கிற பட்டன் எல்லாம் செத்துப்போகும். அப்புறம் கூரைமேல் நிற்பவன் விரலை அழுத்திப் பிடித்தால்தான் லிஃப்ட் நகரும். விரலை எடுத்தால் நிற்கும். மெக்கானிக் முதலில் அந்தச் சுவிட்சைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பான். முப்பத்தெட்டு வருஷமாக அவர் அதை மீறியதில்லை. அன்றைக்கு மீறினார். சத்தியம் பண்ணியிருக்கிறாரே! கூரைக்குப் போகாமல், உள்ளே ஏறிச் சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடித்துவிடலாம் என்று...

ஏறினார். கதவு மூடியது.

ஒண்ணை அமுக்கினார். லிஃப்ட் கிளம்பியது. உள்ளே பழைய கிரீஸ் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று... வியர்வை. இப்போதுதான் உடம்பை முறித்து வேலை பார்த்த ஒருத்தனுடைய வியர்வை.

லிஃப்ட் நின்றது. பட்டன்களில் இருந்த வெளிச்சம் அணைந்தது. தலைக்கு மேல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கரண்ட் போகவில்லை... மேலே யாரோ சுவிட்சைத் திருப்பியிருக்கிறார்கள்.

தகரத்தில் காலடி. டங்... டங்... நேராக அவர் உச்சந்தலைக்கு மேலே வந்து நின்றது.

"யாருய்யா அது?"

நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"அண்ணே...?" ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. "அப்பா...?"

"எந்த மாடி?"

கோபமே இல்லாத குரல். கடைக்காரர் 'என்ன வேணும்' என்று கேட்கிற மாதிரி.

"கீழே! கீழே விடு!"

டிக். லிஃப்ட் இறங்கியது. ஒரு மாடிக்குப் பதினோரு வினாடி, அவருக்கு மனப்பாடம். வாய்க்குள் எண்ணினார். தரை வர வேண்டிய நேரம் வந்தது... போனது. அந்தக் கட்டடத்துக்கு பேஸ்மென்ட் கிடையாது. கீழே இடுப்பளவுப் பள்ளம், அதுக்குக் கீழே மண். லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. காது அடைத்தது. சுவர் ஐஸ் மாதிரி ஆனது. இருபது மாடி இறங்கியிருப்பார். சிநேகிதர் என்னிடம் பதினாலு என்றுதான் சொன்னார். ஆறு என் பங்கு.

"நிறுத்து!"

டிக். நின்றது. "எந்த மாடி?"

"முதல் மாடி! முதல் மாடிதான் சொல்றேன்!"

டிக். இந்தத் தடவை மேலே. முதல் மாடி போனது, மூணு போனது, மொட்டைமாடி போனது... ஏறிக்கொண்டே இருந்தது. தகரச் சுவர் அடுப்பு மாதிரி சுட்டது.

"நிறுத்துய்யா!"

டிக். "எந்த மாடி?" அதே பொறுமை.

கம்பியை எடுத்துக் கதவை நெம்பினார். கதவுக்குப் பின்னால் ஓர் இடுக்குகூட இல்லாத சுவர். அபாய மணியை அமுக்கினார். அது மேலே, அந்தக் காலடிக்குப் பக்கத்திலேயே அடித்தது. யாரோ அதைக் கையால் பொத்தி நிறுத்தினார்கள்.

அப்புறம் கூரையில் இருக்கிற சதுரத் திறப்பின் தாழ்ப்பாள் நகர்ந்தது. வெளிப்பக்கத்திலிருந்து. மூடி மெதுவாகத் திறந்தது... முகம் ஒன்றும் தெரியவில்லை. கை ஒன்றும் நீளவில்லை. ஓர் ஆள் ஏறி நிற்க இடம் மட்டும் விட்டிருந்தது.

ஏறினால் அப்பா போன வழி. ஏறாவிட்டால் இந்தக் கூண்டு. எந்த மாடி சொன்னாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும். மூலையில் குந்தினார். எவ்வளவு நேரமோ. விளக்கில் அவர் கைகள் அவருடையது மாதிரியே இல்லை. கடைசியில், முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"எனக்குத் தெரியல... நீங்களே சொல்லுங்க."

மேலே ஒரு பெருமூச்சு. காத்திருந்தது கிடைத்த பெருமூச்சு. மூடி சாத்திக்கொண்டது. டிக்.

கதவு திறந்தது. தரைத்தளம். வெயில். பெஞ்சில் அதே மூணு பேர், மூணாகப் பிரித்த அதே பேப்பர்.

"என்ன, ஏறலையா? கதவு மூடின உடனே திறந்துச்சு, அங்கேயே நிக்கிறீங்க!" என்றார் பாஸ்டர்.

அவர் நடந்ததைச் சொன்னார். ஜென்மத்தில் எதிலும் ஒத்துப்போகாத மூணு பேரும் அன்றைக்கு ஒன்றில் ஒத்துப்போனார்கள்: இனிமேல் படிக்கட்டு.

ஒன்பது நாள் கழிந்தது. ஐம்பத்தெட்டு தாண்டியது. இப்போது அறுபத்திரண்டு, ஆள் பூசணிக்காய் மாதிரி இருக்கிறார். தப்பித்துவிட்டார் என்றுதான் என் சிநேகிதரும் நினைத்தார். போன மாசம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகிற வரைக்கும்.

ஒரே தளம், சிமென்ட் கூரை போட்ட வீடு. கூரைக்கு ஏறப் படிகூடக் கிடையாது. அக்கா கரண்டியோடு நின்றாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

மாமா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், பழகியவள் மாதிரி. அரை நிமிஷம் போனது.

"போடு" என்றார்.

"என்னக்கா இது?"

"அன்னியிலேர்ந்து இப்படித்தான்டா. சட்டை மாட்டுறதுக்கும் மேலே கேட்டாகணும். கட்டிக்கிட்டது இவரைத்தான். குடும்பம் நடத்துறது யார்கூடன்னு தெரியல."

என் சிநேகிதருக்கு வாய் சும்மா இருக்குமா? அண்ணாந்து பார்த்துக் கை கூப்பினார். "சார்! அப்படியே எனக்கும் ஒண்ணு சொல்லுங்க. நைட்டு தங்கட்டுமா, கிளம்பட்டுமா?"

மாமாவின் கை பாதியில் நின்றது.

"மாப்பிள்ளே... கேட்டுட்டியாடா?"

டங்...

கூரை சிமென்ட்தான். ஆனால் தகரச் சத்தம். மாமாவின் தலைக்கு மேலிருந்து கிளம்பியது. டங்... மேஜையைக் கடந்தது. டங்... என் சிநேகிதரின் உச்சந்தலைக்கு நேராக வந்து... நின்றது.

அக்காவும் என் சிநேகிதரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மாமா மட்டும் அக்கா கையிலிருந்த கரண்டியை வாங்கினார். கூரையைப் பார்க்கவே இல்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக, யாரையும் கேட்காமல், தன் தட்டில் தானே போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.